‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’: தப்பு ஒண்ணா, ரெண்டா?

திருத்த வந்த ஒரு பயோடேட்டாவுல முதல் வரியே இது. தப்பு ரெண்டு. ‘மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்’னா தமிழ்ல நிகழ்காலமே போதும். அப்போ ஆரம்பிச்சு இன்னும் ஓடுற வேலைக்கு ஆங்கிலத்துல ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ வேணும். அடுத்தது சின்ஸ். தமிழ்ல ‘2021லேர்ந்து’ன்னு வந்தா சின்ஸ், ‘மூணு வருஷமா’ன்னு வந்தா ஃபார்.

—

இதைவிட மோசம், இன்டர்வியூல கேட்ட ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’. கேள்வி கேட்டவர் சட்டுனு நிமிர்ந்து பார்த்தார். தங்கச்சி இருக்கிறது செயல் இல்ல, நிலை. அதனால ‘ஐ ஹேவ்’. நோ (know, தெரியும்), பிலாங் (சொந்தமா இருக்கிறது) எல்லாம் இதே ஜாதி, ஐஎன்ஜி ஒட்டவே ஒட்டாது.

—

ஒட்டவே ஒட்டாதா? ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரிதானே, அங்க ஹேவ்னா சாப்பிடுறது. ‘ஐ திங்க் இட்ஸ் ரைட்’ கருத்து. ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்’ யோசனை ஓடிக்கிட்டிருக்கு. மெக்டொனால்ட்ஸ் 2003லேர்ந்து ‘ஐ ஆம் லவ்விங் இட்’னுதான் விளம்பரம் பண்ணுது. பரீட்சைத் தாள்ல அப்படி எழுதிடாதீங்க, அது வேற. வினைச்சொல்லைப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணாம, அந்த வரியில அதுக்கு என்ன அர்த்தம்னு பாருங்க.

—

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். மெயில்ல வந்த ‘ஐ ஹேவ் மெட் ஹிம் லாஸ்ட் இயர்’தான் உறுத்துது. ‘போன வருஷம் அவரைப் பார்த்திருக்கேன்’ தமிழ்ல சுத்தமான வாக்கியம். அதை அப்படியே தூக்கிட்டுப் போறதுதான் கோளாறு. எழுதி முடிச்சதும் எஸ்டர்டே, லாஸ்ட் இயர், இன் 2019 மாதிரி முடிஞ்சுபோன நேரம் வரியில இருக்கான்னு தேடுங்க. இருந்தா ஹேவை அடிச்சிட்டு ‘ஐ மெட்’. எப்போன்னு சொல்லாம விட்டா ‘ஐ ஹேவ் மெட் ஹிம்’ தாராளமா வரும். ‘டுடே’ இன்னும் முடியாததால அதுக்கும் ஹேவ் வரலாம். அப்படியே ‘டஸ் ஹி கோஸ்’ஸையும் கவனிங்க. எஸ் ஒண்ணுதான், அது டஸ்ஸுக்குப் போயிட்டா வினையில மிச்சம் இருக்காது: ‘டஸ் ஹி கோ’.

—

முதல்ல சொன்ன பயோடேட்டா ஆளுக்கு: ‘ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ஸும் சரிதான். ஒர்க், லிவ் ரெண்டுக்கும் இரண்டு வடிவமும் செல்லும். நோ மட்டும் அடம் பிடிக்கும். பத்து வருஷமா தெரியும்னா ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. ‘பீன் நோயிங்’ கிடையாது.