ஜப்பானில் திருமண விகிதம்: டோக்கியோ முதலிடம், அகிதா கடைசி இடம் வருவது எப்படி?

கேள்வி – புள்ளியியல் மாணவி

ஜப்பானில் 1972ஆம் ஆண்டில் ஏறத்தாழ 11 லட்சம் திருமணங்கள் பதிவாயின. 2023இல் அந்த எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தச் சரிவை மாகாண வாரியாகப் பார்த்தபோதுதான் எனக்குக் குழப்பம் வந்தது. ஆயிரம் பேருக்கு எத்தனை திருமணங்கள் என்ற கணக்கில் டோக்கியோ முதலிடத்திலும், வடக்கே உள்ள அகிதா கடைசியிலும் நிற்கின்றன. தலைநகரின் வாடகையும் வேலைப்பளுவுமே இளைஞர்களைத் திருமணத்திலிருந்து விலக்குகின்றன என்று படித்து வந்திருக்கிறேன். அப்படியானால் இது எப்படிப் பொருந்தும்?

மறுமொழி – வைகைக்கரையான்

நீங்கள் எடுத்துக்கொண்ட அளவுகோலில்தான் சிக்கல் இருக்கிறது, அம்மா. அந்த விகிதத்தின் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணில், கைக்குழந்தை முதல் தொண்ணூறு வயது முதியவர் வரை அனைவரும் அடக்கம். அகிதாவில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் 65 வயதைக் கடந்தவர்கள். டோக்கியோவிலோ நாடெங்கிலும் இருந்து வந்த இருபது, முப்பது வயதினர் குவிந்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பட்டியல் திருமண நாட்டத்தைவிட வயதுக் கட்டமைப்பையே அதிகம் காட்டுகிறது. முதல் திருமண வயதைப் பாருங்கள்: அதில் மிகத் தாமதம் டோக்கியோதான். ஐம்பது வயதுவரை மணமாகாதோர் பங்கையும் சேர்த்துப் பாருங்கள். 1970இல் நாடு முழுவதும் ஆண்களில் 2 விழுக்காட்டைக்கூட எட்டாத அது, 2020இல் 28 விழுக்காடாகிவிட்டது.

மறுமொழி – கடல்கடந்தவள்

மேலே சொன்னது சரி. ஆனால் வயதுக் கட்டமைப்பு தானாக அமைந்துவிடவில்லை. பள்ளியோ கல்லூரியோ முடித்த பெண்கள் வடகிழக்கு மாகாணங்களை விட்டுப் பெருநகரங்களுக்குப் போகிறார்கள். ஊரில் அவர்களுக்கு ஏற்ற வேலை குறைவு. மூத்த மகனை மணந்தால் மாமனார் மாமியாரைப் பேணும் பொறுப்பும் மருமகள் தலையில் விழும் என்ற அச்சம் வேறு. இபராகி, தோச்சிகி போன்ற தொழிற்சாலை மிகுந்த மாகாணங்களில் இளம் ஆண்கள் பெண்களைவிடக் கணிசமாக அதிகம் இருப்பதால், மணக்க விரும்பும் ஆணுக்குக்கூட அங்கே பெண் கிடைப்பது அரிது. முன்பு உறவினரும் அலுவலக மேலதிகாரியும் செய்துவந்த வரன் பார்க்கும் வேலையை இப்போது உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றிருக்கின்றன. 2024இல் டோக்கியோ பெருநகர அரசே ஒரு செயலியைத் தொடங்கியது. பெண்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று கேட்காமல் சந்திப்புகளை மட்டும் ஏற்பாடு செய்வதால் பெரிய மாற்றம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

மறுமொழி – தென்றல்

ஆண்களின் வருமானத்தை இருவருமே விட்டுவிட்டீர்கள். 1990களின் பொருளாதாரத் தேக்கத்துக்குப் பின் நிரந்தரமற்ற வேலைகள் பெருகின. அவற்றில் இருக்கும் முப்பது வயது ஆண்களில் மணமானவர்கள், நிரந்தர ஊழியர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எனினும் வருமானம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. நாட்டிலேயே வருமானம் குறைந்த மாகாணங்களில் ஒன்றான ஒகினாவாவில்தான் குழந்தைப் பிறப்பு விகிதம் மிக அதிகம், மணமுறிவும் அங்கேதான் அதிகம். மாணவி அவர்கள் 25 முதல் 34 வயதினரை மட்டும் எடுத்து, ஆண் பெண் தனித்தனியாக, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை மாகாண வாரியாக ஒப்பிட்டால் இம்மூன்று காரணங்களையும் ஓரளவு பிரித்தறியலாம்.