டிபிடி திறன்கள் நம்ம ஆட்களிடம் போய்ச் சேர்ந்த விதம்: அனுபவங்களைப் பகிருங்கள்

திருப்பூர், ஆலோசகர்:

நானே தொடங்குகிறேன். டிபிடி என்பது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கும் திறன்களைப் பழக்கும் மனநலச் சிகிச்சை. அதை சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர் மார்ஷா லினஹன். தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துகிறவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது. முழு வடிவம் என்றால் வாரம் ஒரு தனி அமர்வு, அதோடு இரண்டரை மணி நேரத் திறன் வகுப்பு, நடுவில் போன் வழிகாட்டல். வகுப்பு ஒரு சுற்று முடியவே 24 வாரம். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவரிடம் இதைச் சொன்னால் மறுவாரம் ஆள் வரமாட்டார். அதனால் நான் முதலில் கேட்பது இதுதான்: தலைக்கு மேல் ஏறும் அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள், பக்கத்தில் யார் இருப்பார்கள்?

ஓர் அக்கா (அடையாளம் மாற்றியிருக்கிறேன்). லைன் வீடு, ஒரே அறை. ராத்திரி சண்டை முற்றினால் கையைக் கீறிக்கொள்வார். அவருக்கு ஐஸ் தண்ணீர் உத்தியைத் தாளில் எழுதித் தராமல் அங்கேயே செய்ய வைத்தேன். முதலில் நாடியை எண்ணினார். பிறகு குனிந்து, மூச்சைப் பிடித்து, எவர்சில்வர் பேசினில் முகத்தை 30 விநாடி. எழுந்து மறுபடி எண்ணிவிட்டு, "அட, குறைஞ்சிருக்கு மேடம்" என்றார். கண்ணிலும் கன்னத்திலும் குளிர் பட்டு மூச்சும் நின்றால், தண்ணீருக்குள் மூழ்குகிறோம் என்று உடம்பு எடுத்துக்கொண்டு துடிப்பைத் தானே இறக்கும். நான் விளக்கியிருந்தால் தலையாட்டியிருப்பார், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. இதய நோய், பட்டினி கிடப்பது போன்ற சாப்பாட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும், ப்ரோப்ரனலால் போலத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் சொல்லித் தராதீர்கள். ஒற்றைத் தலைவலிக்கு அதை எடுப்பவர்கள் "தலைவலி மாத்திரை" என்றுதான் சொல்வார்கள். சீட்டை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

சரி, வீட்டில்? ஃபிரிட்ஜ் கிடையாது. சித்திரையில் குழாய்த் தண்ணீர் கொதிக்கும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் போட்டு வைக்க அவரே ஏற்பாடு செய்துகொண்டார். துண்டை அதில் நனைத்துக் கண்மேல் போட்டுக்கொள்கிறார். கதவைத் தட்ட முடியாத நேரத்தில் மூச்சு மட்டும்: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது.

கல்லூரி ஆலோசகர், திருச்சி:

எங்களுக்குத் தொல்லை தருவது டைரி கார்டு. தினமும் உணர்ச்சி எவ்வளவு, காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் எவ்வளவு, எந்தத் திறனைப் பயன்படுத்தினாய் என்று மதிப்பெண் போட வேண்டும். விடுதி அறையில் நாலு பேர். ரூம்மேட் கையில் அந்தத் தாள் கிடைத்தால் மறுநாள் மெஸ் முழுக்கப் பேச்சு. ஒரு மாணவி மாதக் காலண்டரில் புள்ளி வைக்கத் தொடங்கினாள். புள்ளி பெரிதானால் உந்துதல் பெரிது. பக்கத்தில் சின்னக் கோடு இருந்தால் அன்று ஏதோ ஒரு திறனை முயன்றிருக்கிறாள். மற்ற கட்டங்கள் எல்லாம் போய்விட்டன, உண்மைதான். அவற்றை அமர்வில் வாயால் கேட்டுக்கொள்கிறேன். நிரப்பாத கார்டைவிட இது எனக்குப் போதும்.

நான் ஆலோசகர் இல்லை, சிகிச்சை பெற்றவள்:

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேண்டியதைக் கேட்கும் திறன். நிலைமையைச் சொல், உன் உணர்வைச் சொல், தெளிவாகக் கேள், ஒத்துக்கொண்டால் அவர்களுக்கு என்ன நல்லது என்று சொல்... வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை, எல்லாம் அம்மா வழியாகத்தான் போகும். என் ஆலோசகர் அதை மாற்றச் சொல்லவில்லை. இந்தப் பேச்சில் உனக்கு எது முக்கியம், காரியமா, உறவா, உன் மரியாதையா என்று முதலில் கேட்டார். எனக்குக் காரியம்: சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். அதனால் முதல் ஒத்திகை அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு.

அடுத்தது அப்பாவிடம். ஆலோசகரே அப்பாவாகப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அச்சு அசல் அப்பா! குரலை உயர்த்தாமல் அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லப் பழக்கினார். வீட்டில் நிஜமாகவே அதே வசனம் வந்தபோது கை நடுங்கியது, ஆனால் கோரிக்கையை நான் விடவில்லை. மாதம் இரண்டு முறை ஊருக்கு வருகிறேன் என்ற பேரத்தில் முடிந்தது. அண்ணிக்கு இன்னும் கோபம். அது வேறு கதை.

மனநல சமூகப் பணியாளர், மதுரைப் பக்கம்:

மேலே சொன்னவை எல்லாம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. எங்களிடம் வருகிறவர்களில் சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. அவர்களுக்காக டிபிடியில் எதைக் குறைக்கலாம் என்று குழம்புகிறவர்கள் அமெரிக்காவில் ஜூலி பிரவுன் அமைத்த ஸ்கில்ஸ் சிஸ்டத்தைப் பாருங்கள். டிபிடியை அடிப்படையாக வைத்து ஒன்பது திறன்களாக, எண் போட்டு, எளிய சொற்களில் அமைத்திருக்கிறார். உணர்ச்சி எவ்வளவு உச்சத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து எவற்றைப் பயன்படுத்தலாம் என்ற விதியும் உண்டு. கொதிக்கும்போது உட்கார்ந்து பேசித் தீர்க்கப் போகாதே என்பது அதில் எனக்குப் பிடித்த பகுதி.

எங்கள் வசதிக்கு இன்னொன்றும் செய்கிறோம். அமர்வு முடிகிற நேரத்தில் அன்று பழகிய திறனை அவரே தன் பேச்சு வழக்கில் சொல்ல, அவர் போனிலேயே பதிவு செய்துவிடுவோம். பட்டன் போன் பலவற்றிலும் ரெக்கார்டர் இருக்கும். என் குரலில் பதிந்து கொடுத்ததை யாரும் போட்டுக் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஒரு பெரியவர் தன் பதிவில், "டேய், மொதல்ல வெளிய போய் நில்லு, அப்புறம் பேசலாம்" என்று தன்னைத்தானே அதட்டியிருந்தார்.

ராத்திரியில் என்னைப் பிடிக்க முடியாது. அதனால் அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அவர்கள் போனில் ஸ்பீடு டயலில் போட்டு, என் முன்னால் ஒருமுறை அழுத்திப் பேச வைத்துத்தான் அனுப்புகிறேன்.