79 மாடல் பத்மினி, பெயின்ட் வெளுத்துப் போச்சு. புதுசா அடிக்கணுமா, இருக்குறதையே தேத்தலாமா?

குழித்துறைக்காரன்:
அண்ணன்மாரே, எனக்க மாமா வச்சிருந்த 79 மாடல் பிரீமியர் பத்மினி இப்ப எனக்க கைக்கு வந்திருக்கு, திருவனந்தபுரத்துப் பழைய கேஎல்டி நம்பர், பாறசாலையில அவரு வீட்டு முற்றத்துல சக்கை (பலா) மரத்து மூட்டுல ஆறு வருஷமா தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. எஞ்சின் வேலை முடிஞ்சு ஓடுது. கலர் மெரூன். ஆனா பானட்டும் கூரையும் இப்ப வெளிறி, தடவினா விரல்ல ரோஸ் பொடி ஒட்டுது. டிக்கி மேல சக்கைப் பால் சொட்டி கறுத்துக் கட்டியா கிடக்கு. மார்த்தாண்டத்துல ஒரு டிங்கர் கடையில காட்டினா, மொத்தமா சுரண்டிட்டு மெட்டாலிக் கலர் அடிச்சுத் தாரேன்னு சொல்லுதாரு. கதவைத் திறந்து உள்பக்கம் பாத்தா அந்த மெரூன் அப்படியே மினுங்குது, அதான் மனசு வரல்ல. என்ன செய்யலாம்?

பழையவண்டி நாகர்கோவில்:
சுரண்ட விடாதீங்க தம்பி! அந்தக் காலத்து பெயின்ட்ல இப்ப மாதிரி மேல கிளியர் கோட்டுன்னு கலர் இல்லாத கண்ணாடிப் பூச்சு கிடையாது, கலரே மேல்தோல். வெயில்ல அதுக்க பசை செத்துப்போய் மேல உள்ளது பொடியா நிக்குது, அடியில நல்ல கலர் இருக்கும். ஒரு மூலையில வெள்ளைத் துணியில கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க, துணி சிவந்தா பயப்படாண்டாம், கிளியர் கோட் இல்லன்னு உறுதி.
முதல்ல நிழல்ல நிறுத்தி கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்க, பாத்திரம் கழுவுற சோப்பு வேண்டாம். சக்கைப் பாலுக்கு வீட்டுல கத்தியில தடவுற அதே வெளிச்செண்ணெய்தான் (தேங்காய் எண்ணெய்), ஊத்தி அரை மணிக்கூர் விட்டு துணியால துடைச்சு எடுங்க, நகம் போட்டுச் சுரண்டினா கலரும் சேர்ந்து வரும். அப்புறம் கிளே பார், ஒட்டிப் பிடிச்ச அழுக்கை இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி, அதைப் போட்டு உரசுங்க. அதுக்கு மேல எண்ணெய்ப்பசை உள்ள கிளேஸ், மெகுவியர்ஸ் நம்பர் 7 மாதிரி, கட்டியா பூசி ராத்திரி முழுக்க விட்டிருங்க, காஞ்ச பெயின்ட் அதைக் குடிக்கும். ரெண்டு தடவை இப்படி செஞ்சிட்டுதான் பாலிஷ், அதுவும் கையால, துணி சிவந்தா உடனே மாத்தணும். கடைசியா வேக்ஸ்.

அம்பாசிடர் பிரியன்:
பஃபிங் மெஷின் பக்கம் மட்டும் போயிராதீங்க. எனக்க அம்பாசிடர் பானட்டுல நடுவுல உள்ள அந்த மேட்டு வரம்புல கம்பளி பேட் வச்சு ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தேன், கலருக்கு அடியில உள்ள சாம்பல் பிரைமர் எட்டிப் பாத்துச்சு, இன்னிக்கும் கண்ணுல குத்துது. மெஷின் போட்டே ஆகணும்னா வரம்பு, கதவு ஓரம் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு ஸ்பாஞ்ச் பேட் போடுங்க. அப்புறம் சிலிக்கான் உள்ள பளபளா ஸ்பிரே எதுவும் வேண்டாம், நாளைக்கு எங்கயாவது டச்சப் அடிக்கணும்னா அந்த இடத்துல பெயின்ட் பிடிக்காம வட்ட வட்டமா குழி விழும்.

களியக்காவிளை ரோடு:
எல்லாரும் பெயின்ட்டையே பேசுதீங்க, தார்ப்பாயை யாரும் சொல்லல்ல. நம்ம பக்கம் எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை)யும் பெய்யும் ஐப்பசி மழையும் பெய்யும், தார்ப்பாய்க்கு உள்ள ஈரம் வெந்து கிடக்கும், காத்துல ஆடுறப்ப உரசவும் செய்யும். சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி வீல் ஆர்ச்சு, கதவு அடி எல்லாம் வச்சுப் பாருங்க மக்கா, ஒட்டல்லன்னா அங்க தகடு போய் பட்டி (குழியை அடைக்குற பூச்சு) வச்சிருக்கு. பெயின்ட் கொப்புளிச்சு நிக்குற இடம் அடியில துரு, எந்த பாலிஷும் அதைக் கேக்காது. மெட்டாலிக் அடிச்சா ஆர்சி புக்குலயும் கலர் மாத்தணும், அதைக் கடைக்காரரு சொன்னாரா?

குழித்துறைக்காரன்:
ஆர்சி பத்தி அவரு மூச்சு விடல்ல அண்ணே. நேத்து டிக்கியில மட்டும் செஞ்சு பாத்தேன். வெளிச்செண்ணெய்க்கு பால் ரப்பர் மாதிரி உருண்டு வந்துச்சு, அடியில லேசா கறை மட்டும் நிக்குது. கிளேஸ் பூசி விட்டுட்டு காலையில துடைச்சா நாலு பழைய பனியன் ரத்தத்துல முக்கின மாதிரி ஆயிட்டு, அம்மா பாத்து பதறிட்டா. ஒரு முழம் இடம் கதவு உள்பக்கம் மாதிரியே மெரூன் வந்திருக்கு. ஆனா காந்தம் வச்சுப் பாத்ததுல வலது பக்கம் பின் வீலுக்கு மேல கை அகலத்துக்கு ஒட்டவே இல்ல. அதை மட்டும் வெட்டி எடுத்து தகடு வச்சுத் தர நம்ம பக்கம் நல்ல கை யாராவது உண்டா?