மோட்டார் உயரம் வைத்து மாட்டிக்கொண்ட கதை

இங்கிலாந்தில் ரெண்டு வருஷமா ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்சாஃப்ட் (பொம்மைத் துப்பாக்கியில் பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டு) ஆடுறேன். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கின, மோட்டாரில் ஓடுற எம்4 மாடல் துப்பாக்கி. டிரிகரை அழுத்தினாலே மேட்டில் ஏறுற பழைய லாரி மாதிரி உறுமும். மோட்டார் இருக்கிறது கைப்பிடிக்குள்ள, அதாவது கிரிப்பில். அதோட உயரத்தை மாத்துற, கிரிப் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தினேன், உறுமல் குறைஞ்சது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். இப்போ லேசா ஒரு சரசரப்பு. அந்த உறுமலுக்கு இது தேவலைன்னு விட்டுட்டேன். பெரிய மெக்கானிக் ஆகிட்ட நினைப்பு வேற!

மூணாவது ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவே 'கர்ர்ர்'. மோட்டார் சும்மா சுத்துது, குண்டு வரலை. கியர்பாக்ஸைப் பிரிச்சா கிரீஸ் முழுக்க சாம்பல் நிறத்தில் இரும்புத்தூள். மோட்டார் சுத்திவிடுற முதல் பல்சக்கரமான பெவல் கியரின் பல்லெல்லாம் நுனி மழுங்கிக் கிடக்குது. திருகைத் தளர்த்தினதில் மோட்டார் கீழே இறங்கி, அதன் தண்டில் இருக்கும் சின்ன பல்சக்கரமான பினியன் நுனிப்பல்லில் மட்டும் பிடிச்சு ஓடியிருக்கு. அந்தச் சரசரப்பு பல் தேயுற சத்தம்தான்.

இன்னொண்ணும் கண்ணில் பட்டது. மோட்டார் அடியில், திருகு முட்டும் இடத்தில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தகடு இருக்கணும். அது இல்லவே இல்லை. முன்னால வச்சிருந்தவர் தொலைச்சிருப்பார். திருகு முனை நேரா மோட்டார் அடியையே குடைஞ்சிருந்தது.

இப்போ செய்யுறது: மேகசினைக் கழட்டி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, செமியில் (ஒரு அழுத்தலுக்கு ஒரு சுடு) ஒவ்வொரு சுடாச் சத்தத்தைக் கேட்பேன். உறுமத் தொடங்கும் வரை இறுக்கி, அங்கிருந்து கால் சுத்துக்கும் குறைவாப் பின்னால வருவேன். அதிர்வில் திருகு நகராம இருக்க மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ். வீட்டம்மாவோடதுதான், இன்னும் கேள்வி வரலை.

* * *

அண்ணே, ஜப்பானில் இருந்து. என்னோடது ஏகே மாடல், தண்டு குட்டையான ஷார்ட் மோட்டார். இருபது சுடுக்குள் கிரிப் கையைச் சுடும். நானும் உயரம்தான் காரணம்னு ஒரு வாரம் திருகையே திருகிட்டிருந்தேன். கடைசியில் பார்த்தா மோட்டாருக்குள் கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் தேஞ்சிருக்கு, அது உரசுற செம்புத் தகடு வளையமான கம்யூட்டேட்டர் கரிச்சட்டி மாதிரி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைச்சு, தகடுகளுக்கு நடுவில் இருக்கும் பிளவுகளையும் சுரண்டி, புது பிரஷ் போட்டேன். சூடு அடங்கிருச்சு. 7.4 வோல்ட்டுக்குப் பதிலா 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி போட்டு ஓட்டினது என் தப்பு, பொறி பறந்தே பாதி பிரஷ் போயிருக்கும்.

மோட்டாருக்குள் சுத்துற பாகமான ஆர்மேச்சரைத் திரும்ப உள்ளே விடும்போது பார்த்து. காந்தம் படக்குன்னு இழுக்கும். என் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு.

* * *

புதுசா பினியன் மட்டும் வாங்கிப் போட்டேன், எந்த உயரத்தில் வச்சாலும் சத்தம் போக மாட்டேங்குதே?

* * *

பழைய பெவல் கியரோடவா தம்பி? தேஞ்ச பல்லோட புதுப் பல் எப்படி ஒட்டும்! ரெண்டையும் ஜோடியா மாத்து, அப்புறம் திருகைத் தொடு.