மைக்ரோஸ்போரிடியா: ரத்தம் கொடுத்தவர் பாசிட்டிவ், நோயாளி நெகட்டிவ். எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காக ரத்ததானம் செய்பவர்கள், முயல் வளர்ப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் என மூன்று பிரிவினரின் சீரத்தில், மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணி நுண்ணுயிர்க் குழுவைச் சேர்ந்த என்செஃபாலிட்டோசூன் குனிகுலிக்கு எதிரான ஆன்டிபாடி தேடுகிறேன். முறை ஐஃபாட்: ஸ்லைடில் உள்ள ஸ்போர்களோடு (ஒட்டுண்ணியின் வித்துகளோடு) சீரத்தின் ஆன்டிபாடி ஒட்டினால், ஒளிரும் சாயம் அதைப் பச்சையாகக் காட்டும். 1:40 நீர்ப்பில் ரத்தம் கொடுத்த சிலரின் சீரம் பச்சையாக ஒளிர்கிறது. மலத்தில் ஸ்போர் உறுதியான, வயிற்றுப்போக்கு நிற்காத எச்ஐவி நோயாளியின் சீரமோ சுத்தமாக நெகட்டிவ். குழாய் மாறிவிட்டதோ என்று லேபிளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். சரியாகத் தூங்கி இரண்டு வாரமாகிறது. உதவுங்கள்.

பதில் 1:
லேபிளை விடுங்கள் தம்பி. அந்த நோயாளிக்கு எந்த இனம் என்று பிசிஆரில் (டிஎன்ஏ பரிசோதனையில்) பார்த்தீர்களா? எச்ஐவி உள்ளவர்களின் குடலில் அதிகம் காணப்படும் மைக்ரோஸ்போரிடியா என்டிரோசைட்டோசூன் பீனியூசி. அதைச் செல் கல்ச்சரில் தொடர்ந்து வளர்க்க முடிவதில்லை. உங்கள் ஸ்லைடில் இருப்பது வேறு பேரினம், அவருடைய ஆன்டிபாடி எதோடு ஒட்டும்? அதோடு சிடி4 (நோய் எதிர்ப்பு வெள்ளணு எண்ணிக்கை) மிகவும் இறங்கியவருக்கு ஆன்டிபாடி உண்டாவதே குறைவு. அந்தப் பிரிவில் நெகட்டிவ் என்றால் தொற்று இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பதில் 2:
ரத்தம் கொடுத்தவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்து ரத்தக் கொடையாளர்களில் 8 சதவீதம் பேருக்கும், பிரான்ஸின் கர்ப்பிணிகளில் 5 சதவீதம் பேருக்கும் என்செஃபாலிட்டோசூன் இன்டெஸ்டினாலிஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. ஆரோக்கியமானவர் பாசிட்டிவ் ஆவது நடக்கக்கூடியதுதான். ஆனால் எது ஒளிர்கிறது என்பதுதான் முக்கியம். ஸ்போர் முழுக்க மங்கலாக மினுங்கினால் நான் நம்பமாட்டேன். ஸ்போரிலிருந்து வெளியே பாய்ந்த துருவக் குழாய் (செல்லுக்குள் நுழைய அது வீசும் குழல்) மெல்லிய நூல்போல் தெரிந்தால் பொருட்படுத்துவேன். சீரம் விடாமல் கான்ஜுகேட் (ஒளிரும் சாயம் இணைத்த இரண்டாம் ஆன்டிபாடி) மட்டும் விட்ட வெல் (ஸ்லைடின் ஒரு கட்டம்) வைத்தீர்களா? 1:40-ஓடு நிற்காமல் இரட்டிப்பாக நீர்த்துப் பாருங்கள், மிஞ்சுவதை வெஸ்டர்ன் பிளாட்டில் (எந்தப் புரதத்தோடு ஆன்டிபாடி ஒட்டுகிறது என்று காட்டும் சோதனையில்) உறுதிசெய்யுங்கள். ஒரே பேரினத்தின் இனங்களுக்குள் குறுக்கு வினை உண்டு (ஓர் இனத்துக்கான ஆன்டிபாடி இன்னொன்றோடும் ஒட்டும்), அதனால் முடிவில் பேரினப் பெயர் மட்டும் எழுதுங்கள்.

கேட்டவர்:
சீரம் விடாத வெல்லும் வெளிர்பச்சைதான்! கான்ஜுகேட்டை இன்னும் நீர்த்து, கழுவலை ஒருமுறை கூட்டியதும் பெரும்பாலானவை அணைந்துவிட்டன. இரண்டு சீரம் மட்டும் 1:160-லும் நிற்கின்றன. ஒன்றில் ஸ்போரின் நுனியிலிருந்து வளைந்து போகும் பச்சை நூலை நானே பார்த்தேன், கை நடுங்கியது. நோயாளிக்கு பிசிஆரில் பீனியூசிதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டேன்.

பதில் 1:
உடனே சொன்னது நல்லது. என்செஃபாலிட்டோசூனுக்கு நன்றாகக் கேட்கும் ஆல்பென்டசோல் மருந்து பீனியூசிக்கு அவ்வளவாகக் கேட்காது. எச்ஐவி மருந்தால் சிடி4 ஏறினால்தான் அவர் வயிறு தேறும்.

கேட்டவர்:
சரி அண்ணா. முயல் வளர்ப்பவர்களின் சீரத்தைப் புது நீர்ப்பில் திங்கட்கிழமை தொடங்குகிறேன்.