புரை ஆபரேஷனுக்கு அப்புறம் குழந்தை கண்ணுல பிரஷர் வந்தவங்க இருக்கீங்களா?

கண்ணாடிக்குட்டி அம்மா:
பாப்பாவுக்கு ஏழு வாரத்துலயே ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு, உள்ள லென்ஸ் வைக்கல, சோடாபுட்டி கண்ணாடிதான், அந்தப் பாடு இங்க எல்லாருக்கும் தெரியும். பதினோராம் மாசம் செக்கப் போனப்போ டாக்டர் லீவு, பவர் மட்டும் பாத்து சீட்டு குடுத்தாங்க. கண்ணாடிக் கடைக்காரர் பழைய சீட்டையும் புதுசையும் பக்கத்துல வச்சுட்டு "பரவால்லயேம்மா, ப்ளஸ் பத்தொன்பது பதிமூணுக்கு இறங்கிடுச்சே"ன்னார். மூணே மாசத்துல! அங்கயே நின்னு மாமியாருக்கு போன் போட்டேன், அவங்க கேசரி கிண்டி பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்துட்டாங்க. மறுவாரம் டாக்டரம்மா அந்த சீட்டையே பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் நர்ஸ்கிட்ட "நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொல்லுங்க, மயக்கம் குடுத்துப் பாக்கணும்"னாங்க. பிரஷர் 32, 34. பிரஷர் ஏறினா சின்னக் குழந்தை கண்ணு பெருசாகி நீண்டுக்குமாம், அதான் ப்ளஸ் மடமடன்னு குறைஞ்சிருக்கு. அந்தக் கேசரிய நெனச்சாலே வயித்தைப் பெரட்டுது.

தென்காசி அப்பா:
எங்க பையனுக்கு ரெண்டாம் மாசத்துல ஆபரேஷன், பிரஷர் வந்தது ஒன்பது வயசுல. வலி இல்ல, செவப்பு இல்ல, நடுவுல ரெண்டு வருஷம் செக்கப்புக்கே போகல, தப்பு எங்க மேலதான். ஓரப் பார்வை எவ்ளோ இருக்குன்னு பாக்குற ஃபீல்டு டெஸ்டுல லைட் தெரிஞ்சா பட்டனை அழுத்தணும்ல, டக் டக்னு அழுத்திட்டிருந்தான், திடீர்னு சத்தமே இல்ல. தூங்கிட்டானோன்னு எட்டிப் பாத்தா கண்ண விரிச்சு லைட்டுக்காகக் காத்துட்டு இருக்கான்.

மணி மாமா:
உள்ள லென்ஸ் வச்சிருந்தா இதெல்லாம் வந்தே இருக்காது, காசு மிச்சம் பாத்தா இப்படித்தான்.

ரெட்டைப்புள்ள அம்மா:
மணி சார், தெரியாம பேசாதீங்க. அமெரிக்காவுல ஒரு கண்ணுல மட்டும் புரை இருந்த 114 குழந்தைங்களை, எல்லாம் ஏழு மாசத்துக்கு உட்பட்டதுங்க, பாதிப் பேருக்கு உள்ள லென்ஸ், மீதிப் பேருக்கு கான்டாக்ட் லென்ஸ்னு பிரிச்சு பத்து வருஷம் பாத்தாங்க. மொத்தத்துல 22 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா, அதான் இந்தக் கண் பிரஷர் நோய், லென்ஸ் வச்சதால தப்பிச்சாங்கன்னு இல்ல. சின்ன வயசுல கண்ணைத் திறந்தா ரிஸ்க் கூட, அதுக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா பார்வையே வளராது, என்னதான் பண்ணுவாங்க? எங்க ரெட்டையில ஒண்ணுக்கு பிரஷர் இறங்க கண்ணுல டியூப் வச்சாச்சு, அது தனிக்கதை. கண்ணாடிக்குட்டி அம்மா, சொட்டு மருந்து விட்டதும் மூக்கோரம் கண்ணு மூலைய ரெண்டு நிமிஷம் அமுக்கிப் புடிங்க, இல்லன்னா மருந்து உடம்புல எறங்கிடும். ரெண்டு மருந்துன்னா நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க. டிமோலால்னா வீசிங் இருக்கான்னு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. பிரிமோனிடின்னு எழுதியிருந்தா பாப்பாவுக்கு ரெண்டு வயசு ஆகலன்னு சொல்லி கட்டாயம் கேளுங்க, கைக்குழந்தைக்கு மூச்சே நின்னு போற அளவுக்கு மயக்கம் வரும். பெரியவங்களுக்கு வாங்கின பாட்டிலை மாத்தி விட்றாதீங்க. தண்ணி வடியுதா, வெளிச்சத்துல கண்ண மூடுதா, கருவிழி மங்கலா இருக்கான்னு தினமும் பாருங்க.

கண்ணாடிக்குட்டி அம்மா:
அக்கா, மருந்தெல்லாம் டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மாமியார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேக்கத்தான் வந்தேன். நேத்து கூட போன்ல "இப்ப நம்பர் எவ்ளோடி"ன்னு கேக்கறாங்க.