'செல்ஃபிஷ் ஹெர்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆபத்து வரும்போது ஒவ்வொரு விலங்கும் தன்னைக் காத்துக்கொள்ள மற்றவற்றின் நடுவே புகுவதால் கூட்டம் சேர்கிறது என்ற கருத்துதான் 'செல்ஃபிஷ் ஹெர்ட்'. நம் விலங்கு நடத்தையியல் கலைச்சொல் பட்டியலில் இதற்கு 'சுயநல மந்தை', 'தற்காப்புத் திரள்' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் பாதி சரி என்பது என் கருத்து. முதலில் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

1971-இல் பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் இதைத் தவளைகளை வைத்து விளக்கினார். வட்டமான ஓர் அல்லிக் குளம், உள்ளே ஒரு தண்ணீர்ப்பாம்பு. அது இரை தேடும் நேரம் தவளைகள் கரையேறி விளிம்பில் உட்கார்ந்திருக்கும். பாம்பு எங்கே தலைதூக்கும் என்று எதற்கும் தெரியாது. தூக்கிய இடத்துக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் இரை. அப்படியானால் ஒரு தவளையின் ஆபத்து எவ்வளவு? இடப்பக்கத்துத் தவளை வரை உள்ள இடைவெளியில் பாதி, வலப்பக்கத்தில் பாதி. அந்த நீளத்துக்குள் பாம்பு எழுந்தால் கதை முடிந்தது. அதனால் நெருங்கி உட்கார்ந்திருக்கும் இரண்டு தவளைகளுக்கு நடுவே ஒரு தவளை தாவிக்கொள்கிறது. அதன் ஆபத்து குறைகிறது. அது விட்டுவந்த இடத்தின் அக்கம்பக்கத்துத் தவளைகளுக்கு ஏறுகிறது. எல்லாத் தவளைகளும் இப்படியே தாவினால் கடைசியில் கும்பல் கும்பலாகத்தான் குவியும்.

செம்மறிகளிடம் இதை அளந்து பார்த்தது 2012-இல். ஆய்வாளர் ஆண்ட்ரூ கிங் குழுவினர் ஆஸ்திரேலியாவில் 46 ஆடுகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவியைக் கட்டினார்கள். மடக்க வந்த கெல்ப்பி நாய்க்கும் ஒன்று. நாய் நெருங்கியபோது ஆடுகள் மந்தையின் நடுவை நோக்கியே நகர்ந்தன.

'தற்காப்புத் திரள்' ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்தப் பெயருக்கு உரிய விலங்கு வேறு. ஓநாய் வந்தால் கஸ்தூரி எருதுகள் கன்றுகளை உள்ளே விட்டு, கொம்பு வெளிப்பக்கம் இருக்க வளையமாக நிற்கும். அதுதான் தற்காப்பு. செம்மறி மந்தையின் ஓரத்தில் நிற்கும் ஆடு யாருக்கும் காவல் நிற்கவில்லை, உள்ளே புக இடம் கிடைக்காமல் நிற்கிறது. கூட்டத்தின் நன்மைக்காகத்தான் கூட்டம் சேர வேண்டும் என்பதில்லை என்பதே ஹாமில்டனின் வாதம். அந்த உயிர்நாடியையே இந்தச் சொல் மறைத்துவிடும். 'தன்னலம்' இருந்தே ஆக வேண்டும்.

'மந்தை'யில் வேறு சிக்கல். ஆடுமாட்டுக்குச் சரி, மீனையும் தவளையையும் மந்தை என்று நாம் சொல்வதில்லை. 'திரள்' எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆகவே 'தன்னலத் திரள்' என்று வைக்கலாம். ஒவ்வொரு விலங்கைச் சுற்றியும் உள்ள ஆபத்தான பகுதிக்கு 'இடர்ப்பரப்பு'.

* * *

ஐயா, வணக்கம்.

'தன்னலத் திரள்' எனக்குச் சம்மதம். ஆனால் வகுப்பில் இதைச் சொன்னவுடன் ஆட்டுக்கு ஏது தன்னலம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எண்ணத்தைக் குறிக்கவில்லை, விளைவையே குறிக்கிறது என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஆபத்தில் நடுவை நோக்கி நகரும் அந்த வினைக்கும் ஒரு சொல் வேண்டும். மழைக்கு ஒதுங்குகிறோம் அல்லவா, அதுபோல 'நடுவொதுங்கல்' என்று வைத்தால் என்ன? 2014-இல் டேனியல் ஸ்ட்ரோம்பாம், கிங் முதலியோர் நாய் மந்தையை ஓட்டும் விதத்துக்கு உருவாக்கிய கணினி மாதிரியைத் தமிழில் விளக்க இந்தச் சொல் இல்லாமல் நகர முடியாது. ஆடுகள் நடுவொதுங்கும் என்பதை வைத்துத்தான் அதில் நாய்க்கு இரண்டே விதி போதுமானது: சிதறியிருந்தால் சேர், சேர்ந்துவிட்டால் பின்னாலிருந்து ஓட்டு. மந்தைக்குப் பின்னால் நாய் இடமும் வலமுமாக மாறி மாறி ஓடுகிறதே, அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், இந்த இரண்டிலிருந்தே வந்துவிடுகிறது.

இந்த இரண்டு வேலைக்கும் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. சிதறியதைச் சேர்ப்பதை எங்கள் பக்கத்து ஆட்டுக்காரர்கள் 'மடக்குதல்' என்பார்கள், ஓட்டுவதைப் 'பத்துதல்' என்பார்கள். 'ஆட்டைப் பத்திட்டு வா' என்பது தினமும் காதில் விழுவதுதான். இரண்டையும் அப்படியே பட்டியலில் ஏற்றலாமா? வேறு வட்டாரத்தில் வேறு சொல் இருந்தால் நண்பர்கள் எழுதுங்கள், பக்கத்தில் அதையும் குறித்துக்கொள்ளலாம்.